உங்கள் கயல் எழுதுவது

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சிமெண்ட் ஏஜென்சிக்காரர் புது வருஷத்துக்குக் குடுத்த டைரி. இன்னிக்குத்தான் பிரிக்கிறேன். அடுத்த தேர்தலுக்கு ஒரு சாதனை மலர் போடணும். பதினாலாவது வார்டு கவுன்சிலர் திருமதி அங்கயற்கண்ணி சவுந்தரபாண்டி என்னென்ன கிழிச்சாங்கன்னு அன்னன்னிக்கு எழுதி வெச்சாத்தானே அப்ப ஞாபகம் வரும்?

அவ எழுத மாட்டா. பெண்கள் வார்டுன்னு ஒதுக்கிட்டாங்க, அதனால பொண்டாட்டி பேர்ல நின்னு ஜெயிச்சோம். பதவி அவளுக்கு, சோலி எனக்கு. ஊர்ல என்னையத்தான் "கவுன்சிலரே"ம்பாங்க. அவளை "கவுன்சிலர் வீட்டம்மா"ம்பாங்க. கேட்டா அவளே சிரிப்பா. வார்டு வாட்ஸ்அப் குழு, பேஸ்புக் பக்கம் ரெண்டும் என் போன்ல ஓடுது. படம் அவ படம், நம்பர் அவ பேர்ல வாங்குனது, பேரு "கவுன்சிலர் கயல்". எழுதுறது நான், ஊரு அவதான் எழுதறான்னு நம்புது. ஃபிளெக்ஸ் கடை வெச்சிருக்கவனுக்குப் போஸ்டர் டிசைன் சொல்லியா குடுக்கணும்? அவகிட்ட இருக்கறது பட்டன் போனு. அதுவே போதும்னுட்டா.

இன்னிக்குச் சுண்ணாம்புக் காளவாய்த் தெருவுல இட்லிக்கடை ரோசம்மாக்கா மக பிரின்சிக்கு வளைகாப்பு. தூத்துக்குடியில கட்டிக் குடுத்த பிள்ளை. தலைப்பிரசவம்னு அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்துட்டாங்க. கயலு வழக்கம்போல கடைசி வரிசைச் சேர்ல போயி ஒதுங்கிட்டா. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், எந்த வளைகாப்புக்குப் போனாலும் அவ இடம் அதுதான். ரோசம்மாக்கா விடல. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, "மொத வளையல் நீதான் போடணும் கயலு. ஒன்னைய விட மனசார எவ போடப்போறா?"ன்னாங்க. ரெண்டு பொம்பளைங்க மூஞ்சியச் சுளிச்சாங்க. அக்கா ஒரு முறை முறைச்சதுல தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

கயலு வளையலை ரெண்டு தரம் நழுவ விட்டா. பிரின்சியே கையை நீட்டி, "பதறாமப் போடுங்கத்தே"ன்னா. நல்ல ஆங்கிள்ல எடுத்தேன். "தாய்மையைப் போற்றுவோம். உங்கள் கயல்"னு போட்டேன், லைக் அள்ளுது. வீட்டுக்கு வந்து சோறு வைக்கும்போது பாடிக்கிட்டே வெச்சா. அவ பாடிக் கேட்டு ரொம்ப நாளாச்சு.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுறேன்னு ஊரையே கொத்திப் போட்டிருக்கானுங்க. காளவாய்த் தெருவுல குழாய்த் தண்ணி மஞ்சளா வருதாம். ரோசம்மாக்காவுக்கு எழுத வராது, குரல் பதிவுதான் போடுவாங்க. "கயலு, தண்ணியில சாக்கடை வாடை அடிக்குது. ஒரு எட்டு வந்து பாரு தாயி"ன்னு போட்டிருந்தாங்க.

நகராட்சி என்ஜினியருக்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் போட்டார். அவர் கட்டைவிரல் போட்டாச்சுன்னா முடிஞ்சது கணக்கு, எல்லா வார்டுக்காரனும் அப்படித்தான் எடுத்துக்குவோம். உடனே குழுவுல, "காளவாய்த் தெரு குடிநீர்ப் பிரச்சினை தீர்க்கப்பட்டது. உங்கள் கயல்"னு போட்டுட்டேன். வரிசையாக் கும்பிடு விழுந்துச்சு.

சாப்பிடும்போது கயலு, "போயிப் பாத்தீங்களா?"ன்னா.

"என்ஜினியர் பாத்துட்டாரு."

"நான் வேணா ஒரு நடை போயிட்டு வரட்டா?"

"கவுன்சிலர் தெருத்தெருவா அலைஞ்சா மதிப்பிருக்காதுடி. அதான் போன் இருக்குல்ல"ன்னேன். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரோசம்மாக்கா பாட்டில்ல தண்ணி புடிச்சுப் போட்டோ போட்டிருக்காங்க. "ஆவன செய்யப்படும்"னு பதில் போட்டேன். கடையில ரெண்டு காதுகுத்து பேனர், ஒரு கண்ணீர் அஞ்சலி. மெஷின் மக்கர் பண்ணுது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கயலு கொடியேத்துறா. மூவர்ணக் கரைச் சேலை, நான் எடுத்துக் குடுத்தது. சூப்பரா வந்திருந்துச்சு படம். பெரிய வாசகமாப் போட்டுக் குழுவுல விட்டேன். சேர்மன், கமிஷனர் எல்லாரும் அந்தக் குழுவுல இருக்காங்க. கமிஷனரே பூங்கொத்து போட்டார்.

அடுத்த நிமிஷம் அதுக்குக் கீழேயே ரோசம்மாக்கா வீடியோ. குடத்துல தண்ணி விழுது, நுரையும் கசடுமா. சேர்மன் போனப் போட்டு, "என்னய்யா பாண்டி, கொடிக்குக் கீழ சாக்கடையை ஓட விட்டிருக்க? ஒங்க வார்டு அம்புட்டுத்தானா?"ன்னு கேட்டுட்டார். எனக்கு மானமே போச்சு. வந்த கோவத்துல அடிச்சேன்: "சகோதரி, நல்ல நாளில் குழுவின் கண்ணியத்தைக் கெடுக்க வேண்டாம்."

உடனே குரல் பதிவு வந்துச்சு. "சகோதரியாடி நானு? அக்கான்னு கூப்பிட்ட வாயி எங்கடி போச்சு? புள்ளத்தாச்சி குடிக்கிற தண்ணிடி கயலு. வந்து ஒரு மடக்கு குடிச்சுப் பாத்துட்டுப் பேசு."

சேர்மன் இருக்கிற குழுவுல கவுன்சிலரை "டி" போட்டுப் பேசினா என்ன மரியாதை? பதிவை அழிச்சுட்டு, ரோசம்மாக்காவைக் குழுவுல இருந்து எடுத்துட்டேன். கொஞ்ச நாள் கழிச்சுச் சேத்துக்கலாம். கயலுகிட்டச் சொல்லல, நல்ல நாளும் அதுவுமா எதுக்கு.

ஆகஸ்ட் 16, சனி

காளவாய்த் தெருவுல இருந்து அஞ்சாறு பேரு தானா வெளியேறிட்டாங்க. குழு நிம்மதியா இருக்கு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நகராட்சிக் கூட்டம். புகார் கணக்கு வாசிச்ச கமிஷனர், "பதினாலாவது வார்டில் இருந்து இந்தப் பதினைந்து நாளில் ஒரு புகார் கூட இல்லை. எல்லாரும் இதைப் பாத்துக் கத்துக்கணும்"னார். கயலுக்குச் சால்வை போட்டாங்க. நான் பின்னாடி பார்வையாளர் பெஞ்சுல இருந்து படம் எடுத்தேன். எனக்கே போட்ட மாதிரி இருந்துச்சு, உண்மையச் சொன்னா.

வண்டியில வரும்போது அவ கேட்டா. "நெசமாவே புகாரே வரலியா? ரோசம்மாக்கா சும்மா இருக்கற ஆளில்லையே."

"தண்ணி நல்லா வருது போல."

"நேத்து மார்க்கெட்டுல அக்காவைப் பாத்தேங்க. கூப்பிட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. நான் என்னங்க செஞ்சேன்?"

நான் யோசிச்சேன். சொன்னா ஆத்தமாட்டாம அழுவா. "அந்தத் தெருவே இப்ப எதிர்க் கோஷ்டிக்குப் போயிருச்சு கயலு. குழுவ விட்டும் அவங்களாவே போயிட்டாங்க. நீயாப் போயி நிக்காத, அசிங்கப்படுத்திருவாங்க"ன்னேன்.

பிரின்சிக்குக் குடுக்கறதுக்குன்னு வறுத்து அரைச்சு வெச்சிருந்த சத்துமாவு, டப்பாவுல அப்படியே அலமாரியில இருக்கு.

செப்டம்பர் 12, வெள்ளி

காளவாய்த் தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் மஞ்சக்காமாலைன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. சுகாதாரத்துல இருந்து வந்து பிளீச்சிங் பவுடர் போட்டாங்க. படம் எடுத்து "துரித நடவடிக்கை"ன்னு போட்டேன்.

வீட்டுக்கு வந்தா கயலு வாசல்ல நிக்கிறா. அங்கன்வாடி டீச்சர் அவளுக்குப் போன் பண்ணியிருக்காங்க. பிரின்சிக்கும் வந்திருச்சாம், கண்ணெல்லாம் மஞ்சளா, புத்தி தடுமாறுதுன்னு மதுரைக்குக் கொண்டு போயிட்டாங்களாம். "புள்ளத்தாச்சிக்குக் காமாலை வந்தாப் பொழைக்கறது கஷ்டம்னு டீச்சர் சொல்றாங்க"ன்னா. "தண்ணி சரியாயிருச்சுன்னு சொன்னீங்களே?"ன்னா.

"என்ஜினியர்தான் சொன்னாரு"ன்னேன்.

செப்டம்பர் 13, சனி

பஸ் ஏறி மதுரை போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவுல ரோசம்மாக்கா தரையில உக்காந்திருந்தாங்க. கயலு ஓடிப் போயிப் பக்கத்துல உக்காந்து, "அக்கா"ன்னு கையத் தொட்டா. அவங்க கையை உருவிக்கிட்டாங்க.

"குழுவ விட்டுத்தான் தள்ளுன. இப்ப என் புள்ளைய உசுர விட்டே தள்ளப் பாக்குறியேடி."

கயலு திருதிருன்னு முழிச்சா. "எந்தக் குழுக்கா? நான் யாரையும் தள்ளலியே."

"நடிக்காத. சகோதரி, கண்ணியம்னு எழுதுனியே. மொத வளையல் போட்ட கையி, அந்தக் கையால எப்படிடி எழுதுன?"

கயலு திரும்பி என்னையப் பாத்தா. நான் மருந்துச் சீட்டு வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கீழ இறங்கிட்டேன். யாரும் சீட்டு எதுவும் எங்கிட்டக் குடுக்கல. கீழ இருக்கிற வேப்பமரத்துக்கடியில நின்னுக்கிட்டே இருந்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. மாசம் நிறையல, ரெண்டு கிலோ கூட இல்ல, கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க. பிரின்சி மத்தியானம் போயிட்டா.

செப்டம்பர் 16, செவ்வாய்

எழுத ஒண்ணுமில்ல. கல்லறையில கயலு தள்ளி நின்னா, யாரும் அவகிட்டப் போகல. கடை திறக்கல.

செப்டம்பர் 17, புதன்

காலையில காப்பி குடுத்துட்டு, "போனக் குடுங்க"ன்னா. சார்ஜ் இல்லன்னேன். சார்ஜரை எடுத்துட்டு வந்து பக்கத்துல வெச்சா. குடுத்துட்டேன்.

பகல் பூராவும் அடுக்களைத் தரையில உக்காந்து படிச்சா. ஜெயிச்ச அன்னிக்குப் போட்ட நன்றியில இருந்து, பொங்கல், தீபாவளி, மகளிர் தினம், எல்லாத்தையும். அவளுக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் படிக்க வரும். உதடு அசையறதப் பாத்துக்கிட்டே நான் கூடத்துல உக்காந்திருந்தேன். திட்டுவா, போனைத் தூக்கி எறிவான்னு நெனச்சேன். எறிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சாயங்காலம் வந்து போனை எம் மடியில வெச்சா. "நல்லாத்தாங்க எழுதியிருக்கீங்க. நான் இம்புட்டுப் பேசியிருக்கேன்னு எனக்கே தெரியாமப் போச்சு"ன்னா.

"கயலு, உம் பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான்..."

"புள்ளத்தாச்சி குடிக்கிற தண்ணின்னு குரல்ல சொன்னதா அக்கா ஆஸ்பத்திரியில சொல்லி அழுதாங்க. அத நீங்க கேட்டீங்கல்ல? காதுல விழுந்துச்சுல்ல?"

விழுந்துச்சுன்னு சொன்னேன். அவ போயி வெளக்கேத்துனா.

செப்டம்பர் 18, வியாழன்

காளவாய்த் தெருவுக்குக் கிளம்புனா. நானும் வரேன்னேன், தெருமுனையில நில்லுங்கன்னுட்டா. அங்க இருந்தே எல்லாம் கேட்டுச்சு, சின்னத் தெருதானே. தெருவே வாசல்ல நின்னுச்சு.

கயலு வாசப்படியில முழங்கால் போட்டு, "அக்கா, நாந்தான் ஒங்களைத் தள்ளுனேன். நாந்தான் அதை எழுதுனேன். ஆஸ்பத்திரியில பொய் சொல்லிட்டேன்"ன்னா.

ரோசம்மாக்கா அடிச்சாங்க. கன்னத்துல, தோள்ல, முதுகுல. அடிச்சு ஓய்ஞ்சு அவ மேலயே சாஞ்சு ஒப்பாரி வெச்சாங்க. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் தெருமுனையில செலை மாதிரி நின்னேன். ஓடிப் போயி "அவ இல்ல, நாந்தான்"னு சொல்லக் காலு வரல. வாயும் வரல.

வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னன்னு.

"பின்ன என்னங்க சொல்லச் சொல்றீங்க? கவுன்சிலர் நானில்லக்கா, எம் புருஷன்தான், நான் சும்மா கையெழுத்துப் போடுறவன்னா? அந்த வாசப்படியில நின்னு ஓட்டுக் கேட்டது நானு. அவங்க எனக்குத்தான் போட்டாங்க."

கன்னம் வீங்கியிருந்துச்சு. ஐஸ்கட்டி எடுத்துக் குடுத்தேன், வாங்கிக்கிட்டா.

செப்டம்பர் 22, திங்கள்

ஒடஞ்ச பைப்பை மாத்தியாச்சு. கயலே நகராட்சி ஆபீஸ்ல போயி என்ஜினியர் மேசைக்கு முன்னால நின்னு ஆளக் கூட்டியாந்து, குழி தோண்டி முடிக்கிற வரைக்கும் தெருவுலயே கிடந்தா. நான் படம் எடுக்கல.

அக்டோபர் 1, புதன்

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. பிரின்சி புருஷன் வேலைக்குத் திரும்பிட்டான். ரோசம்மாக்காவுக்குக் கடையப் பாக்கணும், இல்லன்னா அடுப்பெரியாது. "நீ செஞ்ச பாவத்துக்கு நீயே வந்து பாரு"ன்னு சொல்லி, கயலுகிட்டப் பிள்ளையக் குடுத்துட்டாங்களாம். திட்டிக்கிட்டேதான் குடுத்தாங்களாம். காலையில போறா, கடை சாத்துற நேரத்துக்கு வர்றா.

இன்னிக்கு வந்து சேலைத் தலைப்பை மூஞ்சிக்கிட்ட வெச்சு மோந்து பாத்துக்கிட்டே நின்னா. பால் வாடை. "எம் வெரலப் புடிச்சுக்கிருச்சுங்க, விடமாட்டேங்குது"ன்னா. பதினாறு வருஷத்துல இந்த மூஞ்சிய நான் பாத்ததில்ல. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சா, வயித்தெரிச்சலா இருந்துச்சான்னு தெரியல. குளிக்கப் போயிட்டேன்.

அக்டோபர் 4, சனி

நான் எழுதுன அந்தச் "சகோதரி" வரியை எவனோ படம் புடிச்சு வெச்சு ஊர் பூரா சுத்த விட்டுட்டான். பேஸ்புக்ல கயலு படத்துக்கு மாலை போட்டுப் போட்டிருக்கானுங்க. "மலடிக்குப் புள்ளத்தாச்சி அருமை எப்படித் தெரியும்?"னு ஒருத்தன் எழுதியிருக்கான். அதுக்குச் சிரிப்பு போட்டவன்ல பாதிப் பேரு எங்கிட்டப் பேனர் அடிச்சவனுங்க. படிக்கப் படிக்க எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. அவளுக்கு இதெல்லாம் தெரியாது, பிள்ளைக்குத் துணி தைச்சுக்கிட்டு இருக்கா. அவளைப் போயி. அதுவும் அந்த வார்த்தை.

இனியும் பொறுத்தா நான் மனுஷனே இல்ல. சாயங்காலம் கடையிலயே உக்காந்து எழுதுனேன். ஒரு வார்த்தை அலங்காரம் இல்ல. "இந்தப் பக்கத்திலும் குழுவிலும் வந்தது எதையும் கயல் எழுதவில்லை. எல்லாம் அவர் கணவர் சவுந்தரபாண்டி எழுதியது. ரோசம்மாளைக் குழுவில் இருந்து நீக்கியதும் அவர் கணவர்தான். கயலுக்கு எதுவும் தெரியாது. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை." குழுவுலயும் பக்கத்துலயும் போட்டேன். போட்டதும் நெஞ்சுல இருந்த கல்லு எறங்குன மாதிரி இருந்துச்சு. அவளுக்குச் செவ்வந்திப்பூ வாங்கிட்டுப் போனேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில குழுவைத் திறந்தேன்.

"நல்லா இருக்கும்மா நியாயம். மாட்டிக்கிட்டதும் புருஷன் தலையில கட்டுறியா?"

"பதவி மட்டும் ஒனக்கு, பாவம் மட்டும் அவருக்கா?"

"பாண்டி அண்ணன் பாவம். இப்படி ஒரு பொண்டாட்டி."

நூத்துக்கணக்குல. எனக்குப் பரிஞ்சு பேசிப் பேசிக் கயலைக் கிழிச்சிருக்காங்க. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. அவ படம், அவ பேரு, அவ நம்பர். அதுல இருந்து என்ன வந்தாலும் அவ சொன்னதுதான். மூணு வருஷமா ஊருக்கு அப்படிப் பழக்கி விட்டதே நாந்தானே. எழுதும்போது அது எம் புத்தியில படவே இல்ல. என்னையத் திட்டுவாங்கன்னுதான் நெனச்சேன். திட்டணும்னுதான் எழுதுனேன்.

போனை வெச்சுட்டு நிமிர்றதுக்குள்ள கயலு காளவாய்த் தெருவுக்குப் போயிட்டா. போன கொஞ்ச நேரத்துல திரும்பி வந்துட்டா. கையில தைச்ச துணி அப்படியே இருந்துச்சு.

ரோசம்மாக்காவுக்கு யாரோ அதை வாசிச்சுக் காட்டியிருக்காங்க. பிள்ளையைக் கயலு கையில இருந்து வாங்கிக்கிட்டு, "எங்கிட்ட நாந்தான்னு கால்ல விழுந்த. ஊருக்குப் புருஷந்தான்னு எழுதுற. எம் மக செத்ததுல கூட ரெண்டு நாக்காடி ஒனக்கு? இனி எம் வாசல மிதிக்காத"ன்னு சொல்லிட்டாங்களாம். பிள்ளை அழுதுச்சாம். அவங்க கிட்டயும் அழுகைய நிறுத்தலையாம்.

அக்டோபர் 6, திங்கள்

ரோசம்மாக்கா கடைக்கு நானே போனேன். இட்லி எடுத்துக்கிட்டிருந்தாங்க. ஆளுக இருக்கும்போதே சொன்னேன். "அக்கா, சத்தியமா நாந்தான். ஒங்க குரலக் கேட்டதும் நான், அழிச்சதும் நான், தள்ளுனதும் நான். அவளுக்குப் போன் பாக்கவே தெரியாது. என்னைய அடிங்க."

அக்கா கரண்டிய வெச்சுட்டு என்னைய ஏற இறங்கப் பாத்தாங்க. "பொண்டாட்டிக்காகப் பழியச் சொமக்க வந்திருக்கியே தம்பி. அவளுக்கு நீ வாய்ச்சது அவ செஞ்ச புண்ணியம்"ன்னாங்க. ஒரு தட்டு இட்லி வெச்சு எம் முன்னால தள்ளுனாங்க. "சாப்பிட்டுப் போ. அவள மட்டும் இங்க அனுப்பாத."

கெஞ்சுனேன். அவங்க கும்பிடுற மாதா மேல சத்தியம் பண்ணுனேன். கடையில இருந்தவங்க என் தோளத் தட்டி ஆறுதல் சொல்லி அனுப்பி வெச்சாங்க.

வீட்டுக்கு வந்து கயலு முன்னால உக்காந்து அழுதேன். ஏங்கி ஏங்கி அழுதேன், வெக்கமில்லாம. "நல்லது செய்யணும்னுதான் எழுதுனேன் கயலு. ஒம் பேரக் காப்பாத்தத்தான். இன்னொரு தரம் வெளக்கமா, எல்லாருக்கும் புரியிற மாதிரி எழுதிப் போட்டுர்றேன்"ன்னேன்.

அவ அழல. சின்னச் சின்னதாத் தைச்ச அந்தத் துணியெல்லாம் மடிச்சு ஒரு பையில வெச்சுக்கிட்டிருந்தா. மடிச்சு முடிச்சுட்டுத்தான் பேசுனா.

"வேண்டாங்க. எம் பேர்ல இனிமே எதையும் எழுதாதீங்க. நல்லதக் கூட எழுதாதீங்க."